மாட்டுவண்டி ஏன் வரைவதில்லை? நெல்லையில் படம் வரையும் ஒருவரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு சுவரிலும் கேன்வாஸிலும் படம் வரைகிறேன். கண்காட்சிக்கு வருபவர்கள், சாரத்தில் ஏறி வேலை செய்யும்போது கீழே நின்று வேடிக்கை பார்ப்பவர்கள், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர்கள் என்று எல்லாரும் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். சொன்னதையே சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர் வாயிலிருந்து வந்தபடியே இருக்கின்றன. ஒன்றிரண்டில் மட்டும் காரத்தைக் குறைத்திருக்கிறேன்.

அண்ணாச்சி, நீங்க ஆர்ட்டிஸ்டா, போர்டு எழுதுறவரா?

இரண்டும்தான். தொழில் பழகியது போர்டு எழுதும் பட்டறையில். பிரஷ் கழுவுவது, தகரத்துக்கு உப்புத்தாள் போடுவது, நூலில் நீலப்பொடி தடவிச் சுவரில் கோடு அடிப்பது என்றுதான் ஆரம்பம். கேன்வாஸ் பிறகு வந்தது. இன்றைக்கும் பள்ளிக்கூடச் சுவருக்குக் கூப்பிட்டால் போவேன்.

இதுல சோறு கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் படம் விற்று மட்டும் கிடைக்காது. பள்ளிச் சுவர், ஓட்டல் சுவர், கோயில் கொடைக்கு முன்னால் வருகிற வேலை, ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எல்லாம் சேர்ந்துதான் வீடு ஓடுகிறது. சுவருக்குச் சதுர அடிக் கணக்கு. கேன்வாஸுக்கு அப்படிக் கணக்கு இல்லை, வாங்குகிறவர் முகத்தைப் பார்த்துச் சொல்வதும் உண்டு. மாதச் சம்பளக்காரர் கேட்டால் தவணையில் கொடுத்துவிடுவேன். விலையே கேட்காமல் "வீட்டு சோபா கலருக்கு மேட்சா ஒண்ணு" என்பவரிடம் கொஞ்சம் கூட்டிச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

எம் பையன் நல்லா வரையுதான். எங்க சேர்க்கலாம்?

பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவன் என்றால் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. சென்னையில் இருப்பது 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. நான்கு வருடப் படிப்பு.

சின்னப் பையன் என்றால் மாதிரிப் படத்தைப் பார்த்து வரையச் சொல்லும் வகுப்புக்கு அவசரமாக அனுப்ப வேண்டாம். ஒரு சனிக்கிழமை காலை திருச்செந்தூர் சாலையில் கிருஷ்ணாபுரத்துக்குக் கூட்டிப் போங்கள். வெங்கடாசலபதி கோயில் மண்டபத்தில் குறவன், குறத்தி, கர்ணன், ரதி என்று நாயக்கர் காலத்துச் சிலைகள் நிற்கின்றன. நோட்டையும் பென்சிலையும் கொடுத்துவிட்டு, நீங்கள் தள்ளிப் போய் உட்காருங்கள். "மூக்கு சரியில்ல" என்று எட்டிப் பார்த்துச் சொல்லாமல் இருந்தால் போதும்.

ஒரு அழகான கிராமம், மாட்டுவண்டி, குடம் தூக்கிட்டுப் போற பொண்ணு... இதெல்லாம் ஏன் வரைய மாட்டேங்கிறீய?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். எங்கள் பக்கத்து வயலில் இப்போது உழுவது டிராக்டர், அறுப்பது மிஷின். குடம் பிளாஸ்டிக். பச்சை, ஆரஞ்சு, நீலம் என்று குழாயடியில் வரிசையாக வைத்திருப்பார்கள். தண்ணீர் லாரி வரும் நாளில் அந்த வரிசை தெருமுனை தாண்டும். அந்தக் குடங்களை நான் வரைந்திருக்கிறேன். "நல்லாத்தான் இருக்கு, ஆனா இதை யாரு வீட்டுல மாட்டுவா?" என்றார்கள். மாட்டுவண்டியைக் கேட்பவர்களில் பாதிப் பேர் சென்னையிலோ துபாயிலோ இருக்கிறவர்கள். தாங்கள் பஸ் ஏறிய அன்றோடு ஊரும் அப்படியே நின்றிருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். ஆசை புரிகிறது. ஆனால் ஊரில் இருப்பவர்கள் அதற்குள் நடிக்க வேண்டியதில்லை.

வள்ளியூர், பணகுடிப் பக்கம் போனால் பனைக்குப் பின்னால் காற்றாலை சுற்றுகிறது. பனை அசையாமல் நிற்கும்போது பின்னால் மூன்று இறக்கையும் மெதுவாகத் திரும்புவது எனக்கு அழகாகத்தான் தெரிகிறது. காற்றாலையை அழித்துவிட்டுப் பனையை மட்டும் வரையச் சொன்னால் நான் பார்த்த இடம் அது இல்லை என்று ஆகிவிடும். வண்டி எங்காவது நிஜமாக நின்றால் கட்டாயம் வரைவேன். தடை ஒன்றும் போட்டுக்கொள்ளவில்லை.

பழசெல்லாம் அழியுதே. அதைக் காப்பாத்துறதுதான ஓவியர் வேலை?

பழைய ஓவியர்கள் என்ன செய்தார்கள் என்று போய்ப் பார்த்தால் இந்தக் கேள்வி கொஞ்சம் தடுமாறும். தாமிரபரணியும் கடனா நதியும் சேரும் இடத்தில் திருப்புடைமருதூர் இருக்கிறது. நாறும்பூநாதர் கோயில் ராஜகோபுரத்துக்குள் ஐந்து நிலைகளிலும் சுவர் முழுக்க ஓவியம். விஜயநகர, நாயக்கர் காலத்து வேலை. புராணக் கதைகள் இருக்கின்றன, சரி. கூடவே போர்க்களம் இருக்கிறது, படை நடக்கிறது, குதிரைகளை ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் வருகிறது. அரபு நாட்டுக் குதிரை வாங்குவது அந்தக் காலத்தின் பெரிய வியாபாரம். சுவரில் வரைந்தவர் தன் நாளில் நடந்த சங்கதியைச் சாமி கதைக்குப் பக்கத்திலேயே போட்டிருக்கிறார். "இது நேத்து வந்த கப்பல், கோயில் சுவரில் வேண்டாம்" என்று அவரை யாரும் நிறுத்தவில்லை.

நாம் பழசு என்று கும்பிடுவது அன்றைக்குப் புதுசாக வரையப்பட்டதுதான். அதனால் நான் மரபைப் பின்பற்றுகிறேன் என்று சொன்னால் அந்தக் கப்பல்காரரைப் பின்பற்றுகிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சுவரையே காப்பாற்றுவது வேறு வேலை. அதைப் பற்றிக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

காலண்டர் சாமி படமெல்லாம் கலையில சேருமா?

கோவில்பட்டிக்காரர்களிடம் இப்படிக் கேட்டால் கோபம் வரும், வரட்டும். சி. கொண்டையராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். கம்பெனி கலைந்ததும் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். கோவில்பட்டி அப்போது திருநெல்வேலி மாவட்டம். அங்கே போட்டோ ஸ்டூடியோ நடத்தினார். பிறகு சிவகாசி அச்சகங்களுக்குச் சாமி படம் எழுதிக் கொடுத்தார், சீடர்களையும் உருவாக்கினார். நம் பாட்டி வீட்டுப் பூஜை அறையில் இருந்த முருகனும் மீனாட்சியும் பெரும்பாலும் அந்தக் கூட்டத்தார் கைவேலைதான்.

எனக்கு அவரிடம் பிடித்தது சாமியின் முகத்தைவிட அந்தப் பயணம். நாடகத் திரை போனது, ஸ்டூடியோ வந்தது. அதன் பின் அச்சு வந்தது. ஒவ்வொன்றிலும் வேலையை மாற்றிக்கொண்டார், கையை மட்டும் விடவில்லை. அந்த முகங்கள் கொஞ்சம் அதிகமாகவே வழுவழுப்பு என்பது என் தனிப்பட்ட குறை. ஆனால் கோயிலுக்குள் போக விடப்படாத வீடுகளுக்குள்ளும் அந்தக் காகிதச் சாமி போனது. அதைக் கலை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஃப்ளெக்ஸ் வந்து உங்க தொழிலைக் கெடுத்துட்டுல்லா?

எழுத்துத் தொழிலை முடித்துவிட்டது, உண்மைதான். முன்பு டவுனிலிருந்து ஜங்ஷன் வரை நடந்தால் எந்த போர்டு யார் கை என்று சொல்லிவிடலாம். ஒருவர் 'ழ'வின் வாலை நீட்டுவார், இன்னொருவர் நிழலை எப்போதும் இடப்பக்கம் போடுவார். அவர்களில் சிலர் ஃப்ளெக்ஸ் மிஷினே வாங்கினார்கள். சிலர் வளைகுடாவுக்குப் பெயின்டிங் வேலைக்குப் போனார்கள். சிலர் நம்பர் பிளேட் எழுதினார்கள், அப்புறம் அதற்கும் ஸ்டிக்கர் வந்துவிட்டது.

ஆனாலும் நான் ஃப்ளெக்ஸைத் திட்டுவதில்லை. சடங்கு வீட்டுக்காரர் சாயங்காலம் சொன்னால் மறுநாள் காலை முகம் பெரிதாக முச்சந்தியில் நிற்கிறது, அதுவும் அவர் கொடுக்கக்கூடிய விலையில். எங்களால் அது முடியாது. என் தெருப் படங்களில் ஃப்ளெக்ஸ் இருக்கும். கிழிந்து காற்றில் அடிக்கிற ஃப்ளெக்ஸும், ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையாகப் போன ஃப்ளெக்ஸும் கூட.

உங்க படம் சிலது ஒண்ணுமே புரியல. வெறும் கோடா இருக்கு.

பத்தமடைப் பாயில் வெறும் கோடுதான் இருக்கிறது. கல்யாணத்துக்குப் பட்டுப்பாய் வாங்கும்போது "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று யாரும் கேட்பதில்லை. ஓரத்துச் சிவப்பு நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். என் கோட்டையும் அப்படிப் பார்த்தால் போதும்.

ஏன் ஆத்தையே திரும்பத் திரும்ப வரையிறீய?

தாமிரபரணி ஒரே மாதிரி இருந்தால் ஒருமுறை வரைந்து முடித்திருப்பேன். குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வரும் என்று தெரிந்ததும் உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். கோயில் தண்ணீருக்குள் நிற்கும். வடிந்ததும் கழுவிவிட்டு மறுபடி பூஜை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியபோது இங்கே ஜங்ஷனும் கொக்கிரகுளமும் மூழ்கின. வண்ணார்பேட்டைப் பக்கம் சுவர்களில் சேற்றுக் கோடு ஒன்று நேராக நின்றது. யாரும் அளவு வைத்து வரையாத கோடு. அதை வரையத்தான் அந்த மாதம் முழுவதும் போனது.

கோடையில் அதே ஆறு வேறு. அமலைச் செடி, அதாவது ஆகாயத்தாமரை, மூடிக் கிடக்கும். சாக்கடை சேரும் இடத்தில் தண்ணீரின் நிறமே மாறிவிடும். பாபநாசத்தில் பரிகாரம் என்று ஆற்றில் விட்ட துணிகள் பாறையில் சுற்றிக் கிடக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் அந்த நிறங்கள் கண்ணைப் பறிக்கும், கிட்டே போனால் வயிற்றைக் குமட்டும். இரண்டையும் ஒரே படத்தில் கொண்டுவர இன்னும் முயன்றுகொண்டிருக்கிறேன். "பொருநைத் தாயை இப்படியா காட்டுவது?" என்று ஒரு பெரியவர் கோபித்தார். நான் துணி விடவில்லையே ஐயா என்றேன்.

இருக்கிறதை இருக்கிறபடி வரையணும்னா போட்டோ எடுத்துட்டுப் போகலாமே?

நல்ல கேள்வி. இதைக் கேட்டது பள்ளி மாணவி ஒருத்தி. போட்டோ ஒரு நொடியை எடுக்கும். நான் குறுக்குத்துறையை வரையும்போது வெள்ளமும் கோடையும் ஒரே படத்தில் இருக்கலாம். திருப்புடைமருதூரிலிருந்து கடல் தெரியாது, ஆனாலும் கப்பல் சுவரில் இருக்கிறது. இந்த ஊருக்குச் சம்பந்தமில்லாததை வரைவதில்லை என்பதுதான் என் பிடிவாதம். கண்ணுக்கு முன்னால் ஒரே சமயத்தில் தெரிந்தது மட்டும்தான் என்று சொல்லவில்லை.

கம்ப்யூட்டர்ல சொன்னா ஒரு நிமிஷத்துல படம் போட்டுத் தருது. இனிமே நீங்க எதுக்கு?

நானும் கேட்டுப் பார்த்தேன். திருநெல்வேலிப் படித்துறை என்றதற்குக் காசி மாதிரி ஒன்று வந்தது. ஆனால் அதை வைத்து வாதாட மாட்டேன். நாளைக்கே சரியான படித்துறை வந்துவிடலாம், மருத மரம் உட்பட.

என் பதில் வேறு. என் படத்துக்குக் கீழே என் பெயர் இருக்கிறது, நான் இந்த ஊரில்தான் குடியிருக்கிறேன். தப்பாக வரைந்தால் வாசலுக்கு வந்து கேட்கிறார்கள். கேட்டுமிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் போட்ட படத்துக்காக யார் வாசலில் போய் நிற்பீர்கள்? விளம்பரத்துக்கும் வாழ்த்து அட்டைக்கும் அதுவே போதும், நானே சிபாரிசு செய்வேன். ஊர்க்காரர்கள் தங்களையே சுவரில் பார்க்கப் போகிற படம் என்றால், பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

சுடலைமாடனுக்குக் கண் வரையிறதும் கேன்வாஸ்ல கண் வரையிறதும் ஒண்ணா?

வேலை ஒன்று, அதிகாரம் வேறு. பூடத்துக்கோ சிலைக்கோ வண்ணம் அடிக்கும்போது என் பாணிக்கு அங்கே இடம் இல்லை. மீசை எவ்வளவு, கண் எவ்வளவு உருள வேண்டும் என்பதைக் கோயில்காரர்கள் சொல்வார்கள். கண்ணைக் கடைசியில்தான் எழுதுவோம், எதிரே யாரையும் நிற்க விடமாட்டார்கள். ஒருமுறை ஒரு ஆச்சி தள்ளி நின்று பார்த்துவிட்டு, "மாடன் சிரிக்கான்லா, கோவம் பத்தலயே" என்றார். புருவத்தை ஏற்றிய பிறகுதான் விட்டார். அதைவிடக் கறாரான விமர்சனம் எந்தக் கண்காட்சியிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

நிறம் நிறம்தான? சுவருக்கு என்ன கலர் அடிக்கன்னு ஊர்ல ஏன் இவ்வளவு பிரச்சினை?

வெளியூர்க்காரர்கள் மட்டும்தான் இதைக் கேட்பார்கள். எங்கள் பக்கத்தில் மின்கம்பத்திலும் பாலத்துக் கைப்பிடியிலும் இரண்டு மூன்று நிறம் பட்டையாக அடித்திருந்தால், அது யார் தெரு என்று அர்த்தம். பள்ளிப் பிள்ளைகள் கையில் கட்டும் கயிறிலும் அதே நிறங்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியது அவருடைய பள்ளி மாணவர்களே. அதன்பின் அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒரு நபர் குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், பள்ளிகளில் இந்த வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது.

இது என் தொழிலின் நடுவில் வந்து நிற்கிற விஷயம். பள்ளிச் சுவரில் ஏதோ இரண்டு நிறம் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டால், மதிய இடைவேளைக்குள் "இது எங்க கொடி", "அது அவனுக கொடி" என்று பேச்சு வந்துவிடும். பயந்து எல்லாவற்றையும் சாம்பலும் வெள்ளையுமாக அடித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. நான் நேர்மாறாகச் செய்கிறேன். நிறத்தைக் குறைப்பதில்லை, கூட்டுகிறேன். ஒரு மஞ்சள் என்றால் பக்கத்தில் இன்னும் நாலு மஞ்சள், சிவப்புக்கு இடையில் செம்மண்ணும் செங்கலும். பட்டையாக எந்த நிறத்தையும் விடுவதில்லை, எல்லாவற்றையும் இலையாக, மீனாக, சேலைக் கரையாக உடைத்துவிடுவேன். எந்த இரண்டு நிறத்தையும் தனியாகப் பிரித்துக் கொடி என்று காட்ட முடியாதபடி சுவரை நிரப்ப வேண்டும். இதற்கு நேரமும் பெயின்டும் அதிகம் ஆகும் என்பதைத் தலைமை ஆசிரியரிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன். பெயின்ட் கலக்கும் வேலை பிள்ளைகளுக்கு, எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எது என்பது மட்டும் நான் சொல்வதுதான்.

எங்க தலைவர் படத்தைத் தெரு முக்குல வரைஞ்சு தாங்க. கூலி டபுளா தாரோம்.

தெரு எல்லையைக் காட்டுவதற்காக வரையச் சொன்னால் முடியாது என்று சொல்லிவிடுகிறேன். காரணம் முந்தைய பதிலில் இருக்கிறது. "வ.உ.சி. படத்தைப் பள்ளியில வரைஞ்சீகளே, அவரும் ஒரு சாதிதான?" என்று உடனே மடக்குவார்கள். ஆங்கிலேயக் கம்பெனிக்கு எதிராகத் தூத்துக்குடியிலிருந்து கப்பல் விட்டவரை வரையும்போது நான் கப்பலைப் பெரிதாக வரைகிறேன். போதுமா என்றால் போதாது, ஆனாலும் அப்படித்தான் செய்கிறேன்.

நம் பக்கத்தில் தலைவர்களின் சிலைகள் பல கம்பிக் கூண்டுக்குள் நிற்கின்றன, யாராவது சேதப்படுத்தினால் கலவரம் என்ற பயத்தில். நான் சிலையை வரைந்தால் கூண்டோடுதான் வரைகிறேன், பூட்டும் தெரியும்படி. அதில் ஒரு படத்தைக் கண்காட்சியிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். பூட்டை அழித்தால் விட்டுவிடுகிறோம் என்றார்கள். படத்தையே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மாஞ்சோலை, கூடங்குளம் பத்தியெல்லாம் வரையாம ஆறு, குடம்னு வரைஞ்சா அது தப்பிக்கிறது இல்லையா?

வரைந்திருக்கிறேன், ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற மாதிரி இல்லை. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடத்தி, 17 பேர் தாமிரபரணியில் செத்துப்போனார்கள். அதில் ஒரு குழந்தையும் உண்டு. அந்தக் காட்சியைக் கற்பனை செய்து, தண்ணீரில் மிதக்கிற உடம்புகளை நான் வரைய மாட்டேன். அது அந்தக் குடும்பங்களின் துக்கம், என் திறமையைக் காட்டுகிற இடம் இல்லை. வருடாவருடம் அதே தேதியில் ஆற்றில் பூப்போட வருகிறார்கள். நின்று பார்க்கிறேன், அதை வரைகிறேன். வந்தவர்களின் முகத்தை அவர்கள் சம்மதிக்காமல் வரைவதில்லை, அந்தப் படங்களை விற்பதும் இல்லை.

கூடங்குளம் கொஞ்சம் வேறு. இடிந்தகரைக் கடற்கரையில் வலை காயப் போட்டிருக்கிறது, பின்னால் அணு உலையின் குவிமாடம். இரண்டும் ஒரே படத்தில் தானாகவே வந்து நிற்கும்போது நான் மேற்கொண்டு முழக்கம் எழுதத் தேவையில்லை. "அப்ப நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்கிறார்கள். படத்தில் வலை முன்னால் இருக்கிறது.

நீங்க கஷ்டப்பட்டு வரைஞ்ச சுவரை வெள்ளையடிச்சுட்டாங்களே. வருத்தம் இல்லையா? திருப்புடைமருதூருக்கு மட்டும் ஏன் பதறுறீய?

வருத்தம் உண்டு, புகார் இல்லை. சுவர் அவர்களுடையது. வேலைக்குப் போகும்போதே, அழிக்கும் முன் ஒரு போன் செய்யுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்வேன். போட்டோ எடுத்துக்கொள்ளத்தான். என் சுவர் போனால் நானோ வேறொருவரோ மறுபடி வரையலாம்.

கோயில் ஓவியம் அப்படி இல்லை, அந்தக் கை திரும்ப வராது. குற்றாலத்துச் சித்திர சபையில் நடராசரே சுவரில் எழுதிய ஓவியமாகத்தான் இருக்கிறார். சுவர் போனால் மூர்த்தியே போய்விடும். குடமுழுக்கு என்றதும் பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்துவதும், அதன் மேல் டிஸ்டெம்பர் அடிப்பதும், மணலை வீசிச் சுவரைச் சுத்தம் செய்வதும் பல ஊர்களில் நடந்திருக்கிறது. செய்தவர்கள் பக்தியோடுதான் செய்தார்கள். திருப்பணிக் கமிட்டியில் இருப்பவர் யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்கிறேன். சுவரில் எங்காவது மங்கலாகச் சிவப்புக் கோடோ கண்ணோ தெரிந்தால், ஈரத்துணியால்கூடத் துடைக்காதீர்கள், எண்ணெய் தடவிப் பார்க்காதீர்கள். பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து, அறநிலையத் துறைக்கும் தொல்லியல் துறைக்கும் எழுத்தில் தகவல் கொடுத்துவிட்டு, பதில் வரும்வரை அந்தப் பக்கம் மட்டும் சாரம் கட்டாமல் விடுங்கள். குடமுழுக்கு நாளைத் தள்ள வேண்டியதில்லை, மற்ற வேலை நடக்கட்டும்.